கண்ணாடித் தொட்டி மீனும் கண்மாய் மீனும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான உரை)



மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் பயிரிடும் கரிசல் பூமிக் குடியானவனுக்கு மீனைப் பற்றி என்ன கவலை என்று சிலர் வினவக்கூடும். ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலூகாக்களில் கண்மாய் இல்லாத கிராமம் அரிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் அவ்வாண்டு நெல் உண்டு. தண்ணீர் வற்றும் பங்குனி, சித்திரையில் மீன் உண்டு. மீன் பாசிக் குத்தகையினால் ஊர்ப் பொதுவுக்குப் பணமும் சேருகிறது. ஆகையால், கண்மாயில் எந்த மீன் வாழ்கிறது என்பது ஊராரின் வரவு செலவைச் சேர்ந்த விஷயமேயாகும்.

இக்காலத்தில் பட்டணங்களிலன்றிச் சிற்றூர்களிலும் கண்ணாடித் தொட்டியில் அழகு மீன் வளர்க்கும் வழக்கம் பரவியிருக்கிறது. சென்னைக் கொளத்தூர் இவ்வியாபாரத்துக்குப் பேர் பெற்ற இடம். உபதொழிலாக இதனை மேற்கொள்ள விரும்பும் அங்கத்தினரும் உண்டு. தொட்டி மீன்களுள் சிக்லிட் என்னும் குடும்பம் முக்கியமானது. ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார், ஆப்பிரிக்க மலாவி ஏரியின் வண்ண மீன்கள் எல்லாம் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே மூக்குத் துவாரம்தான் இருக்கும். முட்டையையும் குஞ்சையும் பெற்றோர் காத்து வளர்ப்பது இக்குடும்பத்தின் சிறந்த குணம். இக்குணமே இவற்றை வளர்ப்பவனுக்கு இன்பமும், கவனமில்லாத ஊருக்குத் துன்பமும் தருவது.

இதற்குச் சான்று தேடித் தூரதேசம் போக வேண்டுவதில்லை. சந்தையில் ஜிலேபிக் கெண்டை என்று விற்கப்படும் மீன் ஒரு சிக்லிட்டே. அதன் தாயகம் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. 1939ல் ஜாவாத் தீவில் இம்மீன் காணப்பட்டது. அங்கு அகப்பட்டவை கைவிரலில் எண்ணத்தக்க சிலவே. அவற்றின் சந்ததியே ஆசிய நாடுகள் பலவற்றிற்கும் கொண்டு செல்லப்பட்டது. 1952ல் பாங்காக்கிலிருந்து மண்டபத்து மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு அது வந்து சேர்ந்தது. அக்காலத்தில் மண்டபமும் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ஒரே இராமநாதபுரம் ஜில்லாவில் அடங்கியிருந்தன. 1985ல்தான் பின்னிரண்டும் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தன.

கொண்டுவந்தவர்களின் நோக்கம் நல்லதே. குறைந்த செலவில் ஏழை மக்களுக்கு மீன் உணவு கிடைக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் முற்றிலும் பொய்க்கவுமில்லை. இன்றும் பல ஏழைக் குடும்பங்களில் குழம்புக்கு உதவுவது இம்மீனே. ஆனால் அதன் பெருக்கத்தை எவரும் அடக்க இயலவில்லை. பெண் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கிறது. குஞ்சுகள் 10 முதல் 14 நாள் வரை தாயின் வாயில் பத்திரமாய் வளர்ந்து வெளிவருகின்றன. ஆபத்து நேர்ந்தால் மறுபடியும் வாய்க்குள் புகுந்துகொள்ளும். பிறந்து 2, 3 மாதங்களிலேயே அவையும் முட்டையிடத் தொடங்குகின்றன. வெதுவெதுப்பான நீரில் ஏறக்குறைய மாதத்துக்கொரு முறை இவ்வாறு நடைபெறும். ஆகவே வாய் நிறையக் குஞ்சுள்ள ஒரே தாய் மீன் ஒரு கண்மாயை நிரப்பப் போதுமானது. இடமும் இரையும் குறைந்தாலோ மீன் பருக்காமல் சிறுத்தே இனம் பெருக்கும். அத்தகைய மீனுக்குச் சந்தையில் நல்ல விலை கிடைப்பதில்லை.

இதையுணர்ந்து 1959ல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதனைப் பரப்பலாகாது என்று தடுத்தது. அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. வைகை, அமராவதி முதலிய நீர்த்தேக்கங்களில் ஜிலேபிக் கெண்டையே மிகுதியாக வலையில் விழலாயிற்று. இப்பக்கத்துக் கண்மாய்கள் ஒன்றின் மறுகால் மற்றொன்றுக்குப் பாய்ந்து, கடைசியில் குண்டாற்றைச் சேரும் சங்கிலி போன்றவை. ஓர் ஊரார் விட்ட மீன் அடுத்த ஊரைக் கேட்டுக்கொண்டு போவதில்லை. விரால், குரவை, கெளுத்தி, அயிரை முதலிய நாட்டு மீன்கள் இரைக்கும் இடத்துக்கும் வந்தேறியுடன் போட்டியிட நேர்கிறது.

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மடகாஸ்கர் தீவில் மங்கரஹாரா என்னும் ஆற்றில் வாழ்ந்த ஒரு சிக்லிட், அணைகட்டி நீரைத் திருப்பியதால் ஆறு வற்றி அழியும் நிலைக்கு வந்தது. 2013ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் எஞ்சியிருந்தவை ஆண் மீன்களே. பெண் மீன் யாரிடமாவது உண்டா என்று அவர்கள் உலக முழுவதும் விளம்பரம் செய்தார்கள். அவ்வாண்டிலேயே மடகாஸ்கரின் வடபகுதியில் சில மீன்கள் கண்டுபிடிக்கப்பட்டு, 18 மீன்கள் காப்பிடத்தில் சேர்க்கப்பட்டன. நீர் வற்றிய பின் எஞ்சுவது என்னவென்று கரிசல் காட்டாருக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. தொட்டியில் மீன் வளர்ப்பது வீண் விளையாட்டன்று. முறையோடு செய்தால் ஓர் இனத்தையே காக்க வல்லது. ஜிலேபிக் கெண்டையும்கூடத் தன் தாயகத்தில், பிற்காலத்தில் விடப்பட்ட நைல் நதிக் கெண்டையுடன் கலந்து தன் தூய இனத்தை இழக்கும் ஆபத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் பெருவெள்ளமாய்ப் பரவியது மற்றோரிடத்தில் அருகி வருவது விந்தையே. மீன் தீயதன்று, இருக்க வேண்டிய இடம் மாறியதே தீமை.

இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட சிக்லிட்டுகள் மூன்றே. மலையாளத்தார் கரிமீன் என்பது ஒன்று. அவர்கள் பள்ளத்தி என்னும், ஆரஞ்சு நிறமுள்ள சிறு மீன் மற்றொன்று. மூன்றாவது கன்னட நாட்டு ஆறுகளில் குறுகிய இடத்தில் மட்டும் வாழ்வது. இவற்றின் நெருங்கிய உறவினர் மடகாஸ்கரில்தான் இருக்கின்றனர். பள்ளத்தி உப்பு கலந்த நீரிலும் வாழ்வது. சிறு தொட்டிக்கு ஏற்றது. ஆணும் பெண்ணும் சேர்ந்து குஞ்சைக் காக்கும் காட்சி காணத்தக்கது. அந்நிய மீனைத் தேடுமுன் இதனை வளர்க்கப் பழகுதல் நலம். ஆயினும் குஞ்சு காக்கும் காலத்தில் நீர்நிலையிலிருந்து பெற்றோரைப் பிடித்தால் குஞ்சுகள் முழுவதும் பிற மீன்களுக்கு இரையாகும். ஆகவே தொட்டியில் பிறந்த குஞ்சுகளையே வாங்க வேண்டும்.

வளர்க்கும் முறை வருமாறு. முதலில் கிணற்று நீரைச் சோதித்தறிய வேண்டும். இப்பக்கத்து ஆழ்துளைக் கிணறு பலவற்றின் நீர் கடினமானது. டிஸ்கஸ் போன்ற அமேசான் நதி மீன்களுக்கு மென்னீர் வேண்டும். மலாவி ஏரி மீன்களுக்கோ கடின நீரே உகந்தது. நீருக்கேற்ற மீனைத் தெரிந்தெடுப்பவனுக்குச் செலவு குறையும். மண்ணுக்கேற்ற விதை என்பது போலவே இதுவும். புதுத் தொட்டியில் உடனே பல மீன்களை விடலாகாது. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு உண்டாகும். அதனைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரம் செல்லும். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். கழித்த நீரில் உப்புச் சேர்க்காதிருந்தால் அது கீரைப் பாத்திக்கு நல்ல உரம். தண்ணீர் அருமையான ஊரில் ஒரு குடமும் வீணாகாது. சித்திரை வெயிலில் தொட்டி நிழலில் இருத்தல் அவசியம்.

வாங்கும்போது பலர் தனித்தனியே அலைவதைவிடச் சங்கத்தின் மூலம் ஒரே இடத்தில் வாங்குவது சிக்கனம். மீனின் பெயர், வாங்கிய இடம், தேதி, எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். புது மீனை 3 வாரமாவது தனித்தொட்டியில் வைத்து, நோயில்லை என்று கண்ட பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். மலாவி மீன்களில் வெவ்வேறு இனங்களை ஒன்றாக விட்டால் கலப்புக் குஞ்சுகள் பிறக்கும். இனம் தெரிந்து வாங்குவோர் அவற்றை விரும்புவதில்லை. இனத்தைக் காக்கவும் அவை உதவா.

எல்லாவற்றினும் மேலான விதி ஒன்றுண்டு. தொட்டி மீன் எதுவாயினும், எக்காரணத்தாலும், கண்மாயிலோ ஊருணியிலோ கிணற்றிலோ விடலாகாது. மீன் பெரிதாகிவிட்டது, சண்டையிடுகிறது, வீட்டில் இடமில்லை என்பன போன்ற காரணங்களே பெரும்பாலும் கூறப்படும். பாவம் என்று இரங்கி ஒரு மீனை விடுகிறவர், பல ஊர்களின் மீன்களுக்குக் கேடு செய்தவராவார். வேண்டாத மீனை விற்றவரிடமோ சங்கத்திலோ ஒப்புவிக்க வேண்டும். அதை ஏற்று வேறோர் அங்கத்தினருக்குக் கொடுப்பதைச் சங்கம் தன் கடமையாகக் கொண்டு, துணைவிதியிலேயே எழுதிவைத்தல் நலம்.

கடன் வாங்கியவன் தவறினால் ஜாமீன்தாரர் பொறுப்பாவது கூட்டுறவின் முறை. கண்மாயைப் பொறுத்தமட்டில் ஊரார் அனைவரும் ஒருவருக்கொருவர் ஜாமீன்தாரர்களே. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும். 1952ல் வந்த மீனைத் திருப்பியனுப்ப இனி இயலாது. அடுத்த மீன் கண்மாயில் விழாமல் தடுப்பது ஒவ்வோர் அங்கத்தினரின் கையிலும் இருக்கிறது.