பத்துக் கிலோமீற்றர் தூரம்



தம்புள்ளையிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வீதியில் இனாமலுவ என்றொரு சந்தி உண்டு. அங்கே வலப்பக்கம் திரும்பினால் சீகிரியாக் குன்று ஏறத்தாழ 10 கிலோமீற்றர். கடல் கடந்து, கண்டம் கடந்து வருகிறவர்கள் நாள் தவறாமல் அந்தச் சந்தியில் திரும்புகிறார்கள். சுற்றுவட்டாரத்து ஊர்க்காரரைக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒருமுறை போனதோடு சரி என்பார் ஒருவர். கிட்டத்தில்தானே இருக்கிறது, ஒருநாள் ஏறலாம் என்பார் இன்னொருவர்.

எருசலேமிலிருந்து பெத்லகேமும் கிட்டத்தட்ட இதே தூரம்தான். இன்று பேச எடுத்துக்கொண்ட திருநாளின் கதை அந்தப் பத்துக் கிலோமீற்றரில்தான் நடக்கிறது.

ஜனவரி 6ஆம் திகதி. கத்தோலிக்கருக்கு இது ஆண்டவருடைய திருக்காட்சிப் பெருவிழா. சீர்திருத்த சபைகளில் பிரசன்னத் திருநாள் என்பார்கள். வீட்டில் வயதான அம்மம்மாவைக் கேட்டால் இந்த இரண்டு பெயரும் வராது, "மூன்று இராசாக்கள் திருநாள்" என்றுதான் வரும். இலங்கையில் அன்று பொது விடுமுறை இல்லை. அதனால் கத்தோலிக்கப் பங்குகளில் ஜனவரி 2க்கும் 8க்கும் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு விழா நகர்ந்துவிடுகிறது. நத்தாரின் ஆரவாரம் ஓய்ந்து, பள்ளிக்கூடக் கவலையும் கடன் கணக்கும் வீட்டுக்குள் வந்த பிறகு வரும் விழா இது. ஆனால் வயதில் மூத்தது. கிழக்குத் திருச்சபைகள் டிசம்பர் 25ஐ ஏற்றுக்கொள்வதற்கு முன்பே ஜனவரி 6ஐக் கொண்டாடின. ஆர்மேனியர்கள் இன்றுவரை இயேசுவின் பிறப்பையும் அன்றுதான் கொண்டாடுகிறார்கள்.

கதையை மத்தேயு நற்செய்தி பன்னிரண்டே வசனங்களில் சொல்லி முடிக்கிறது. கிழக்கிலிருந்து ஞானிகள் சிலர் எருசலேமுக்கு வருகிறார்கள். பழைய வேதாகமத்தில் இவர்கள் சாஸ்திரிகள். யூதர்களின் அரசராகப் பிறந்த குழந்தை எங்கே, அவருடைய விண்மீனைக் கண்டோம் என்று விசாரிக்கிறார்கள். அரசன் ஏரோது கலங்குகிறான். மறைநூல் அறிந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறான். அவர்கள் புத்தகத்தைப் பார்த்து, பெத்லகேமில் என்று சரியான விடையைச் சொல்லிவிடுகிறார்கள். கேட்ட ஞானிகள் புறப்பட்டுப் போகிறார்கள். விடை சொன்னவர்களோ இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறார்கள்.

ஊர் பேர் தெரியாதவர்கள் பாலைவனம் தாண்டி வந்தார்கள். ஊரும் நூலும் தெரிந்தவர்கள் பத்துக் கிலோமீற்றர் நடக்கவில்லை. பங்கு மக்களுக்கு இந்தத் திருநாள் வைக்கும் கேள்விகளில் இதைவிடப் பெரியது வேறெதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. திருமுழுக்கு, நற்கருணை, உறுதிபூசுதல் என எல்லாம் பெற்று, செபங்களை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர்களைப் பார்த்துத்தான் அது கேட்கப்படுகிறது.

மூவர் என்று மத்தேயு எங்கும் சொல்லவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று இருந்ததால் ஆட்களும் மூவர் ஆனார்கள். அரசர்கள் என்பதும், கஸ்பார், மெல்கியோர், பல்த்தசார் என்ற பெயர்களும் பின்னால் சேர்ந்தவை. ஆனால் மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் மாகோய். பாரசீகத்துப் பூசாரிகளையும் வானநூல் வல்லவர்களையும் குறித்த சொல் அது. பழைய சபைகள் இவர்களைப் பாரசீகர் என்றே எண்ணின. இத்தாலியின் ரவென்னா நகரத்து ஆலயச் சுவரில் 6ஆம் நூற்றாண்டு மொசைக் ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் மூன்று ஞானிகளும் பாரசீகத் தொப்பியும் காற்சட்டையும் அணிந்து ஓடோடி வருகிறார்கள். 614ஆம் ஆண்டில் பாரசீகப் படை பாலஸ்தீனத்துத் தேவாலயங்களை இடித்தபோது, பெத்லகேம் ஆலயத்தில் தங்கள் நாட்டு உடையில் ஞானிகள் நிற்பதைப் பார்த்து அதை மட்டும் விட்டுவிட்டுப் போனது என்றொரு மரபுக்கதையும் உண்டு.

பாரசீகம் என்றதும் இது எங்கோ நடந்த கதை என்று நினைத்துவிட வேண்டாம். சீகிரியாவுக்கே திரும்பி வருவோம்.

முதலாம் காசியப்பன் இந்தக் குன்றைத் தலைநகராக்கி ஆண்டது 477 முதல் 495 வரை. அவன் காலத்தை ஒட்டிய நூற்றாண்டுகளில் இந்தத் தீவு இந்து சமுத்திர வணிகத்தின் நடுச்சந்தியாக இருந்தது. அந்தக் காலத்து ரோமானிய நாணயங்கள் சீகிரியா மண்ணிலிருந்தே கிடைத்திருக்கின்றன. அவனுக்குப் பின் அரை நூற்றாண்டு கழித்து, கொஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர் ஒரு நூல் எழுதினார். இந்தத் தீவில் குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு சபை உண்டு, பாரசீகத்தில் நியமிக்கப்பட்ட ஒரு குருவும் ஒரு தியாக்கோனும் இருக்கிறார்கள், வழிபாடு முறையாக நடக்கிறது, ஆனால் நாட்டு மக்களும் அரசர்களும் வேறு சமயத்தவர் என்று அதில் குறித்திருக்கிறார். நெடுங்காலம் இதற்கு நூற்சான்று மட்டுமே இருந்தது. 1912இல் அனுராதபுரத்தில் அகழ்ந்தபோது ஒரு கல்லில் சிலுவை கிடைத்தது. இயேசுவின் உருவம் இல்லை. அடியில் இரு பக்கமும் இலைகள் விரிகின்றன. முதலில் போர்த்துக்கேயர் காலத்தது என்றார்கள். பிறகு கொட்றிங்டன் என்ற அறிஞர் அது பாரசீகக் கிறிஸ்தவர்களுடையதாக இருக்கலாம் என்று எடுத்துக்காட்டினார். இன்று அது அனுராதபுரச் சிலுவை என்றே அறியப்படுகிறது.

சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது. இலங்கையின் கிறிஸ்தவம் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயக் கப்பலில் பீரங்கியோடு வந்தது என்றுதான் நம்மில் பலருக்குச் சொல்லித்தரப்பட்டது. அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே, ஆட்சியும் படையும் இல்லாமல், பௌத்த அரசர்களின் நிழலில் ஒரு சின்னஞ்சிறு சபை இந்த மண்ணில் பூசை செய்துகொண்டு இருந்தது. ஞானிகளின் நாட்டிலிருந்தே வந்த சபை. அந்நியராக வந்தவர்களுக்கு இந்த நாடு இடம் கொடுத்திருக்கிறது. திருக்காட்சியின் பொருளை இலங்கைப் பங்கு ஒன்றுக்கு விளக்க இதுவே முதல் சாட்சி.

இரண்டாவது சாட்சி ஒரு மனிதர். கோவாவில் 1651இல் பிறந்த யோசேப்பு வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்து, குருக்களைத் துரத்திவிட்ட காலம். 1687இல் அவர் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். யார் கத்தோலிக்கர் என்று எவரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாது. ஆகவே கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார். ஞானிகளுக்கு விண்மீன் எதுவோ அதுவாக அந்த மக்களுக்கு அந்த மாலை இருந்தது. சில்லாலை ஊர் அவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியது.

1692இல் அவர் புத்தளத்திலிருந்து கண்டி இராச்சியத்துக்குள் போனபோது போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறையில் அடைத்தார்கள். சில ஆண்டுகளில் அதே இராச்சியத்தின் பௌத்த அரசர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குச் சுதந்திரம் கொடுத்தார். 1697இல் கண்டியில் அம்மை பரவி, உறவினரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, அடிகளார் யார் என்ன மதம் என்று பாராமல் பணிவிடை செய்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். திருக்காட்சி முடிந்து பத்தாம் நாள் அவருடைய நினைவுநாள் வருகிறது. அவர் பிறந்த கோவாவில், கன்சாவுலிம் பக்கத்தில், இன்றும் ஜனவரி 6 அன்று மூன்று ஊர்களிலிருந்து மூன்று சிறுவர்கள் இராசா வேடத்தில் குன்றின் மேலுள்ள சிற்றாலயத்துக்குக் குதிரையில் போகிறார்கள்.

கண்டி இராச்சியம் அந்நியரை ஏற்றதற்கு, சீகிரியா இருக்கும் மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே ஓர் அடையாளம் இருக்கிறது. கலேவெலைக்கு அருகில் வஹக்கோட்டை. கண்டி அரசர்களிடம் அகப்பட்ட போர்த்துக்கேயப் படைவீரர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள், ஊர்க் கத்தோலிக்கர்கள் அவர்கள் வழிவந்தவர்கள் என்பது மரபு. போரிட வந்தவர்களுக்கு வாழ நிலம் கிடைத்தது. அங்குள்ள புனித அந்தோனியார் ஆலயத்துக்குச் சிங்களவரும் தமிழரும் சேர்ந்தே வருகிறார்கள்.

மூன்றாவது சாட்சிக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளைக்கு நடந்தார்கள். ரயில் மாத்தளையை எட்டியதே 1880இல்தான். சீகிரியாவுக்கு மேற்கே சில மைல் தூரத்தில் அந்தப் பாதை போயிற்று. பசியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. கிழக்கிலிருந்து வந்த ஞானிகளைப் பாடும் நாம், வடக்கிலிருந்து நடந்துவந்த இந்தப் பயணிகளையும் குடிலின் முன் நினைக்க வேண்டும். அவர்களிடையே பணியாற்ற 1854இல் அங்கிலிக்கன் சபையினர் ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசியார்களை வரவழைத்தார்கள். அதற்கு அன்று வைத்த பெயர் "தமிழ்க் கூலி மிஷன்". ஒரு மனிதனின் ஆன்மாவைத் தேடிப் போகும்போதும் அவனைக் கூலி என்றே கூப்பிட்டார்கள் என்பதைப் படிக்கையில் மனம் நோகிறது.

இன்று ஒரு சிறிய பங்கில் இந்தத் திருநாள் எப்படி இருக்கும்? நத்தார் இரவில் குடில் கட்டியபோது ஆட்டிடையர்கள் மட்டும் குழந்தையருகே இருப்பார்கள். ஞானிகளின் சுரூபங்கள் சற்றுத் தள்ளி இருக்கும். சில வீடுகளில் பிள்ளைகள் நாளுக்கு ஓர் அங்குலம் நகர்த்துவார்கள். திருக்காட்சியன்று அவை தொழுவத்தை எட்டும். திருப்பலியில் எழும் சாம்பிராணிப் புகைக்கு இந்த நாட்டில் விளக்கம் தேவையில்லை. கோவிலிலும் விகாரையிலும் வீட்டுப் படத்தின் முன்னும் அதே மணம்தான்.

அன்று நற்செய்தி வாசித்த பின், அந்த ஆண்டின் பாஸ்கா ஞாயிறு எந்த நாளில் வருகிறது என்று அறிவிக்கும் மரபும் உண்டு. வீட்டில் நாட்காட்டி இல்லாத காலத்து ஏற்பாடு. 2019இன் திருக்காட்சிக்கு உரிய அறிவிப்பில் இருந்த நாள் ஏப்ரல் 21. அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சியோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஞாயிறு மக்கள் ஆலயத்துக்குப் போக முடியவில்லை, தொலைக்காட்சியில்தான் திருப்பலி. ஆலய வாசலில் பையைச் சோதிக்கும் வழக்கம் அப்போது வந்தது. அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் பையைச் சோதிக்கும்போது முகத்தையும் சந்தேகத்தோடு பார்க்கப் பழகிவிட்டால், ஞானிகள் வந்தாலும் வாசலிலேயே நிற்பார்கள். மத்தேயுவின் கதையில் அவர்கள் வீட்டுக்குள் போகிறார்கள். முன்பின் தெரியாத வேற்றுமதத்து ஆண்கள் சிலர், கையில் மூட்டைகளோடு. மரியாள் கதவைத் திறந்திருக்கிறாள்.

கதை அதோடு முடியவில்லை. ஞானிகள் போன கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடுகிறார்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பின் மன்னார்க் கரையிலிருந்து வள்ளத்தில் ஏறியவர்களுக்கு அந்த இரவைப் பற்றி எந்தப் பிரசங்கியாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டை விட்டு ஓடும் இரவு அண்மையிலும் பலருக்கு வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலையகத்தில் மண் சரிந்தது, மாத்தளை மாவட்டமும் தப்பவில்லை. பாடசாலைகளும் வழிபாட்டுத் தலங்களும் தங்குமிடங்களாக மாறின. வீடிழந்த குடும்பங்களுக்கு அந்த நத்தார் எப்படிப் போயிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

எனவே, பங்குச் சபைகளில் இருக்கும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். குடிலைக் கலைத்துச் சுரூபங்களைப் பெட்டியில் வைக்கும் முன், உங்கள் பங்கிலிருந்து 10 கிலோமீற்றருக்குள் நீங்கள் ஒருமுறைகூடப் படியேறாத ஒரு வீட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். லயத்து அறையாக இருக்கலாம், புயலில் சுவர் விழுந்த வீடாக இருக்கலாம், மொழியோ மதமோ வேறான அயலவர் வீடாக இருக்கலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் எதையாவது எடுத்துப் போங்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.