நெடுந்தொலை ஓட்டம்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தமிழாசிரியனை மேடையேற்றினால் செய்யுளைப் பற்றியன்றி வேறொன்றும் பேசான் என்பது உலகத்தார் எண்ணம். இன்று யாம் பேசப் புகுந்ததோ மராத்தான் என்னும் ஓட்டம். சென்ற மார்கழியில் சென்னையில் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் ஓடி மீண்ட செய்தி எவ்வாறோ சங்கத்தாருக்கு எட்டிவிட்டது. காரியதரிசியவர்கள் பணித்தபின் மறுக்க வகையில்லை.

மராத்தான் என்பது கிரேக்க நாட்டில் ஓர் ஊர். பெருஞ்சீரகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அப்பெயர் பிறந்ததென்பர். பெருஞ்சீரகத்தை நாம் சோம்பு என்றும் வழங்குகிறோம். சோம்பலைத் துரத்தும் ஓட்டத்துக்குச் சோம்பு விளைந்த வெளியின் பெயர் வாய்த்தது வேடிக்கையே! கி. மு. 490-இல் பாரசீகரை வென்ற செய்தியை ஒரு வீரன் அவ்வூரினின்று ஏதென்ஸ் நகருக்கு ஓடிச் சொல்லி உயிர் நீத்தானென்பது கதை. அக்கதையைக் கொண்டு 1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் இவ்வோட்டத்தை ஏற்படுத்தினர். அப்போது தூரம் சுமார் 40 கிலோமீட்டரே. 1908-இல் லண்டனில் விண்ட்ஸர் அரண்மனையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பத்தார் வீற்றிருந்த இடத்தின் முன்னே முடித்தமையால், 26 கல் 385 கெஜம் ஆயிற்று. 1921-இல் அதுவே நிலைத்த அளவாயிற்று. எம் கால்கள் நடுங்கிய கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு அரண்மனையாரின் சௌகரியமே காரணமென்பதை யாம் அன்று மறந்தோமில்லை.

எமக்கு இஃது எதற்கு என்பீர்கள். எம் தந்தையார் சர்க்கரை வியாதியால் வலக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். உணர்ச்சி மழுங்கிய பாதத்தில் முள் தைத்ததை அவர் அறியவில்லை. அறிந்தபோது புண் புரையோடிவிட்டது. எம்முடைய 43-ஆம் வயதில் இரத்தத்தைச் சோதித்த வைத்தியர், "எல்லைக்கோட்டில் நிற்கிறீர், நாள்தோறும் நடவும்" என்றார். அவர் சொன்னது நடை. ஓட்டம் யாமே வருவித்துக்கொண்ட பைத்தியம். ஆயினும் இருதயத்தைச் சோதித்து, அவருடைய சம்மதம் பெற்ற பின்னரே தொடங்கினோம். இதனை இங்குள்ள நாற்பது கடந்தோர் செவியில் அழுத்திச் சொல்கிறோம்.

முதல் மாதம் இரண்டு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. வைகறையில் அரை நிஜாருடன் புறப்பட்ட எம்மைக் கண்டு எம் மாமனார், "மாப்பிள்ளை, யார் துரத்துகிறார்கள்?" என்றார். வேகத்துக்கு யாம் ஒரு கருவி கண்டோம். மாணவருக்கு மனப்பாடமாக வைத்த செய்யுள்களைச் சொல்லிக்கொண்டே ஓடுவோம். நாலாம் அடியில் மூச்சு முட்டினால் வேகம் மிகையென்று தளர்த்துவோம். பேச்சுக்கு இடங்கொடுக்கும் மெல்லோட்டமே இப்பயிற்சியின் பெரும்பகுதி. ஞாயிறுதோறும் ஒரு நீண்ட ஓட்டம். முந்திய வாரத்தினும் பத்திலொரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டலாகாது என்பது பலர் கைக்கொள்ளும் வரம்பு. யாம் ஆசையால் 14 கிலோமீட்டரினின்று 20-க்குத் தாவினோம். முன்காலெலும்பு நொந்து மூன்று வாரம் கிடந்தோம். வகுப்பில் ஒற்றெழுத்தைத் தாண்டி எழுதும் பையனைக் கடிகிற ஆசிரியன் செய்த பிழை அது! பின்னர் பொறுமையாக ஏறி, ஒரு முறை 32 கிலோமீட்டர் வரை சென்று, கடைசி மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்து உடலை ஆற்றினோம்.

பந்தய நாள் இருள் பிரியுமுன்னே ஓட்டம் தொடங்கிற்று. கூட்டத்தின் உற்சாகத்தில் எம் செய்யுட் கருவியை மறந்தோம். பாதித் தூரம் வரை எம்மளவுக்கு மிஞ்சி ஓடினோம். நம் தசையும் ஈரலும் சேமிக்கும் மாச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரி அளவினது. விரைந்தோடுவோர்க்கு அது சுமார் 30 கிலோமீட்டரில் வற்றத் தொடங்கும். கொழுப்பு எவ்வளவிருந்தும் அவ்வளவு விரைவில் எரியாது. ஓடுவோர் இதனைச் சுவர் என்பர். 31-ஆம் கிலோமீட்டரில் யாம் அச்சுவரில் மோதினோம். வெயிலும் ஏறிற்று, கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை உலராமல் வழிந்தது. தாகத்தால் வெறுந்தண்ணீரையே மிகக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குன்றி உயிருக்கே அபாயமென்று படித்திருந்தமையால், உப்புக் கலந்த நீரை மடக்கு மடக்காக அருந்தினோம். ஒரு வாழைப்பழமும் தின்றோம்.

மாணவரிடம், "இடையில் நடக்கமாட்டோம்" என்று வீறு பேசியிருந்தோம். நடந்தோம். 11 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் நடையே. எம்மைவிட மூத்த அம்மையார் ஒருவர் சீராக ஓடி எம்மைக் கடந்தபோது வெட்கமும், பின்னர் அவரைப் பார்த்தே சிறிது ஓட்டமும் உண்டாயின. 5 மணி 38 நிமிஷத்தில் எல்லையைத் தொட்டோம். மறுநாள் பள்ளியில் படியிறங்க முடியாமல் பக்கவாட்டில் இறங்கினோம். "ஐயா, நண்டு போல வருகிறீர்களே" என்றான் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

பந்தயத்தன்று மாலை வீடு திரும்பியதும் தந்தையார் பதக்கத்தைக் கேட்கவில்லை, நேரத்தையும் கேட்கவில்லை. "காலைக் காட்டப்பா" என்றார். காலுறையைத் தாமே கழற்றி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலிடுக்கெல்லாம் விலக்கிப் பார்த்தார். இடப் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. குதிகாலில் ஒரு கொப்புளம். அதை மெல்ல அழுத்தி, "வலிக்கிறதா?" என்றார். "மிகவும் வலிக்கிறது, அப்பா" என்றோம். அவர் முகம் மலர்ந்தது.