தேதியைப் போட்டுவிட்டு எழுதுங்கள்

(ஞாயிற்றுக்கிழமைக் கடித வகுப்பின் தொடக்க நாளில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



ஆங்கில வகுப்பு என்று சொல்லித்தான் உங்களை அழைத்தோம். வந்து பார்த்தால் கரும்பலகையில் இலக்கண அட்டவணை எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு நோட்டும் ஒரு பேனாவும் மட்டும் கொடுத்திருக்கிறோம். "ஸ்போக்கன் இங்கிலீஷ் இல்லையா?" என்று வாசலிலேயே ஒரு தம்பி கேட்டார். இல்லை தம்பி, கடிதம் எழுதப் போகிறோம். ஏன் கடிதம் என்பதைச் சொல்வதற்கு, நாங்கள் செய்த ஒரு பிழையை முதலில் உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன், வாப்பா இல்லாத ஒரு பிள்ளைக்குக் கல்லூரியின் முதல் தவணைக் கட்டணம் 8,000 ரூபாயை நம் அறக்கட்டளை கட்டியது. ஒரே ஒரு தடவை செய்த உதவி. பணத்தோடு கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் கொடுத்தோம். அதில், 'வீ பே தி ஃபீஸ் ஆஃப் திஸ் ஸ்டூடன்ட்' என்று எழுதினோம்.

நாங்கள் தமிழில் யோசித்தோம். 'இந்தப் பிள்ளையின் கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம்.' பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னால், இப்போது இந்தத் தொகையைக் கட்டுகிறோம் என்றுதான் தமிழில் யாரும் புரிந்துகொள்வார்கள். ஆங்கிலத்தில் 'வீ பே' என்று எழுதினால், வழக்கமாக நாங்கள்தான் கட்டுகிறோம் என்று பொருளாகிவிடும். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைப் போல, என்றும் நடக்கிற காரியம்.

அந்தக் கடிதம் பிள்ளையின் கோப்பில் சேர்ந்தது. சில மாதம் கழித்து அவருடைய உதவித்தொகை விண்ணப்பத்தைச் சரிபார்த்தவர்கள், 'இவருக்கு ஓர் அறக்கட்டளை தொடர்ந்து கட்டணம் கட்டிவருகிறது' என்று குறிப்பெழுதித் திருப்பிவிட்டார்கள். பிள்ளையின் உம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். "நீங்க எழுதிக் கொடுத்த லட்டர்தானே காக்கா இது?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

மறுநாளே வேறு கடிதம் எழுதினோம். 'வீ பெய்டு 8,000 ருபீஸ் ஆன் 12 ஜூலை. திஸ் வாஸ் எ ஒன் டைம் ஹெல்ப். வீ ஹேவ் நாட் பெய்டு எனி அதர் அமவுண்ட்.' மூன்று வரிதான். அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அந்த வருடத்து உதவித்தொகை போனது போனதுதான். அந்த இழப்பை அறக்கட்டளையே ஏற்றுக்கொண்டது. கல்லூரியைக் குறை சொல்ல இடமில்லை. எங்கள் மனதில் இருந்ததை அவர்கள் எப்படிப் படிப்பார்கள்? தாளில் இருந்த வினைச்சொல்லைப் படித்தார்கள்.

அந்தக் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் கல்லூரியில் படித்தவர்கள்தான். பன்னிரண்டு டென்ஸையும் பரீட்சைக்கு ஒப்பித்து மார்க் வாங்கியவர்கள்தான். ஆனால் அட்டவணையை மனப்பாடம் செய்தோமே தவிர, அதைத் தேவையான ஒரு காரியத்துக்காக எழுதிப் பழகவில்லை. அதனால்தான் இந்த வகுப்பு.

நம் வீட்டுக் கடிதங்கள்

கடிதம் நமக்குப் புதிதல்ல. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம் மூத்தம்மாமார், ஓதக் கற்ற எழுத்தை வைத்து அரபுத்தமிழில் கடிதம் எழுதினார்கள். கொழும்பிலும் பினாங்கிலும் வியாபாரத்துக்குப் போயிருந்த கணவன்மாருக்கு அந்தக் கடிதங்கள்தான் வீட்டைக் கொண்டுபோய்க் காட்டின. பிறகு வளைகுடாவுக்குச் சபர் போனவர்களின் காலம். உறையின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட விமானத் தபாலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கடிதங்களில் என்ன இருக்கும்? 'நீங்கள் அனுப்பிய பணம் போன வியாழக்கிழமை கிடைத்தது. கூரையை மாற்றியிருக்கிறோம். சின்னவன் நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். மாமிக்குப் பத்து நாளாக இருமல். பெருநாளைக்கு வருவீர்களா?' இந்த ஐந்து வரிகளையும் கவனியுங்கள். முடிந்தது, முடிந்து இன்றும் நிலைத்திருப்பது, இப்போது நடப்பது, அன்று தொடங்கி இன்னும் தொடர்வது, இனி நடக்கப்போவது. ஐந்தும் வந்துவிட்டன. யாரும் அவர்களுக்கு டென்ஸ் சொல்லிக்கொடுக்கவில்லை. கடிதம் என்ற காரியமே அத்தனை காலங்களையும் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

இதற்குக் காரணம் கடிதத்தின் மேல் மூலையில் இருக்கும் தேதி. அந்தத் தேதிதான் நாம் நிற்கிற இடம். ஒவ்வொரு வினைச்சொல்லையும் எழுதுவதற்கு முன், இது அந்தத் தேதிக்கு முன்னால் முடிந்ததா, அந்தத் தேதியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா, அதற்குப் பின்னால் நடக்கப்போகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த வகுப்பில் நாங்கள் சொல்லித்தரப் போவது அடிப்படையில் இந்த ஒரு கேள்வியைத்தான்.

எந்த இடத்துக்கு எந்த வினை

முதலாவது, நாள் சொல்லக்கூடிய, முடிந்துபோன செயல். 'ஐ பெய்டு தி ஃபீஸ் ஆன் 5 ஜூன்.' நேற்று, போன மாதம், 2019இல் என்று முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொன்னால் சாதாரண இறந்த காலம் போதும். அங்கே 'ஹேவ்' போடக் கூடாது. 'ஐ ஹேவ் பெய்டு ஆன் 5 ஜூன்' என்று நம்மில் பலர் எழுதுகிறோம். அது பிழை. எதிர்மறையில் இன்னொரு பிழை வருகிறது: 'ஐ டிட் நாட் ரிசீவ்டு.' 'டிட்' என்பதிலேயே இறந்த காலம் வந்துவிட்டது. 'ஐ டிட் நாட் ரிசீவ்' என்பதே சரி.

இரண்டாவது, செயல் முடிந்துவிட்டது, ஆனால் அதன் பலன் இன்றும் நம் முன் நிற்கிறது. 'ஐ ஹேவ் லாஸ்ட் மை ஏடிஎம் கார்டு.' கார்டைத் தொலைத்துவிட்டேன், இன்னும் கிடைக்கவில்லை என்று வங்கிக்குப் புரியும். 'ஐ ஹேவ் அட்டாச்டு மை மார்க் ஷீட்.' இணைத்திருக்கிறேன், தாளைத் திருப்பினால் பார்க்கலாம். தமிழில் 'விட்டேன்', 'இருக்கிறேன்' என்று முடிக்கிற பல இடங்களில் ஆங்கிலத்தில் இந்த 'ஹேவ்' வரும்.

மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு இது எளிது. ஸர்ஃப் பாடத்தில் மாளீ, முளாரிஉ என்று வாய்பாடு சொல்கிறீர்கள். மாளீயின் முன்னால் 'கத்' சேர்ந்தால் அந்தச் செயல் நிகழ்காலத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது என்று உஸ்தாத் சொல்லியிருப்பார். ஒவ்வொரு ஜமாஅத்துக்கு முன்பும் இகாமத்தில் 'கத் காமதிஸ் ஸலாஹ்' என்று கேட்கிறோம். என்றோ நடந்த செய்தி என்று அதைக் கேட்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. இதோ தொழுகை தொடங்கிவிட்டது என்று எழுந்து ஸஃப்பில் நிற்கிறோம். இரண்டு மொழிகள் எல்லா இடத்திலும் பொருந்திப்போகா. ஆனாலும் 'ஹேவ்' ஏன் வருகிறது என்று பிடிபட இந்த உதாரணம் உதவும்.

மூன்றாவது, முன்பு தொடங்கி இன்றும் தொடர்வது. இங்கேதான் தமிழ் நம்மை அதிகம் இடறிவிடுகிறது. 'எட்டு வருடமாக இந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் எயிட் இயர்ஸ்' என்று எழுதுகிறோம். சரியானது, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் எயிட் இயர்ஸ்.' எத்தனை காலம் என்றால் 'ஃபார்', எப்போதிருந்து என்றால் 'சின்ஸ்'. இதையே 'ஐ வொர்க்டு ஹியர் ஃபார் எயிட் இயர்ஸ்' என்று எழுதிவிட்டால், வேலையை விட்டுவிட்டவர் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். சம்பள உயர்வு கேட்டு எழுதுகிற கடிதத்தில் அப்படி ஒரு வரி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்காவது, நிகழ்காலம். அதில் இரண்டு வகை. என்றும் உள்ளதற்கு, 'மை ஃபாதர் செல்ஸ் ஃபிஷ்.' இப்போதைக்கு நடப்பதற்கு, 'ஐ ஆம் ஸ்டடியிங் இன் டென்த் ஸ்டாண்டர்ட்.' எங்கள் 'வீ பே' விழுந்த குழி இதுதான். இன்னொன்று, 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்' என்று எழுதுகிறோம். பிள்ளைகள் இருப்பது நடந்துகொண்டிருக்கிற வேலை அல்ல. 'ஐ ஹேவ் டூ சில்ட்ரன்' போதும். வேண்டுகோள் வைப்பதற்கும் 'ஐ ரிக்வெஸ்ட் யூ' போதும்.

ஐந்தாவது, இனி நடக்கப்போவது. 'ஐ வில் பே தி பேலன்ஸ் பிஃபோர் 30 ஜூன்.' தமிழில் 'நாளைக்குத் தருகிறேன்' என்று நிகழ்காலத்திலேயே வாக்குக் கொடுப்போம். கடிதத்தில் அப்படி விடாமல், 'வில்' போட்டு நாளையும் எழுதிவிடுங்கள்.

கடைசியாக 'ஹேட்'. 'அனுப்பியிருந்தேன்' என்று தமிழில் மரியாதையாகச் சொல்லிப் பழகியதால், 'ஐ ஹேட் சென்ட் தி அப்ளிகேஷன்' என்று எழுதிவிடுகிறோம். முடிந்த செயல்கள் இரண்டு இருந்து, அதில் எது முந்தியது என்று காட்ட வேண்டுமானால்தான் அது தேவை. 'வென் ஐ ரீச்டு தி பேங்க், தே ஹேட் குளோஸ்டு தி கவுன்ட்டர்.' நாம் போனது பிந்தியது, அவர்கள் மூடியது முந்தியது. ஒரே செயல் என்றால் 'ஐ சென்ட்' போதும்.

இவ்வளவுதான். அன்றாடக் கடிதங்களுக்கு இதற்குமேல் அநேகமாகத் தேவைப்படாது.

எப்படிப் பழகப் போகிறோம்

வாரத்துக்கு ஒரு கடிதம். முதலில் பள்ளிக்கூட விடுப்புக் கடிதம். அடுத்து ஏடிஎம் கார்டு தொலைந்ததற்கு வங்கிக்கு. மூன்றாவது, மின் கட்டணக் கணக்கில் தவறு என்று மின்வாரியத்துக்கு. நான்காவது, மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் தலைமை ஆசிரியருக்கு. ஐந்தாவது, வெளிநாட்டில் இருக்கும் மச்சானுக்கோ மாமாவுக்கோ வீட்டு விவரம். ஆறாவது, வேலைக்கு விண்ணப்பம். எழுதி முடித்ததும் வினைச்சொற்களுக்குக் கீழே மட்டும் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டையும் மேலே உள்ள தேதியோடு ஒத்துப் பாருங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். விஷயத்தை நீங்கள் தமிழில் சொல்லுங்கள், பிள்ளை ஆங்கிலத்தில் எழுதட்டும். பிறகு எழுதியதைப் பார்த்து, நீங்கள் சொன்னதை நினைவில் வைக்காமல், தாளில் இருப்பதை மட்டும் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் 'கட்டிவிட்டோம்' என்று சொல்லி, பிள்ளை 'கட்டுவோம்' என்று திருப்பிச் சொன்னால், பிழை எங்கே என்று ஆங்கிலம் தெரியாத நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அன்று நாங்கள் இந்தச் சோதனையை அந்தப் பிள்ளையின் உம்மாவிடம் செய்து பார்த்திருந்தால், 'எப்போதும் நீங்களா கட்டுறீங்க?' என்று அவரே கேட்டிருப்பார்.

செல்போனில் கேட்டால் நொடியில் கடிதம் வந்துவிடுகிறதே, பிறகு இதெல்லாம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கலாம். பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் பணம் கட்டினீர்களா, கட்டப்போகிறீர்களா என்பது செல்போனுக்குத் தெரியாது. கீழே போடுகிற கையெழுத்தும் உங்களுடையது. அதைப் போடுவதற்கு முன், வினை சரிதானா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கடிதத்தில் 'ஐ பெய்டு', 'ஐ ஹேவ் பெய்டு' என்று எழுதினால் நாம் சாட்சி சொல்கிறோம். 'ஐ வில் பே' என்று எழுதினால் வாக்குக் கொடுக்கிறோம். சாட்சியையும் வாக்கையும் மாற்றி எழுதினால், படிப்பவர் நம்மைப் பொய்யர் என்று நினைப்பதற்குக்கூட இடமுண்டு. இலக்கணப் பிழை என்று யாரும் விளக்கம் கேட்டு ஆள் அனுப்பமாட்டார்கள். அந்த நஷ்டம், பெரும்பாலும், உதவி தேவைப்படுகிறவர் தலையில்தான் விழுகிறது.

இப்போது நோட்டைத் திறங்கள். முதல் பக்கத்தில் ஒரு கடிதத்தின் நகலை ஒட்டியிருக்கிறோம். அது அன்று கல்லூரிக்கு நாங்கள் கொடுத்த கடிதம்தான். பிள்ளையின் பெயரை மட்டும் மறைத்திருக்கிறோம். நான்கு வரிகள் இருக்கின்றன. மேலே இன்றைய தேதியை அல்ல, அந்தக் கடிதத்தின் தேதியைப் போட்டுவிட்டு அதைத் திருத்தி எழுதுங்கள். ளுஹர் தொழுகைக்கு முன் நோட்டுகளை வாங்கிக்கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.