ஆறாம் வகுப்பின் வாசலில்

(ஸ்ருத பஞ்சமி நன்னாளில், புதிய கல்வியாண்டில் நடுநிலை வகுப்புகளில் சேரும் குழந்தைகளையும் அவர்தம் குடும்பத்தாரையும் வரவேற்றுத் திண்டிவனத்தில் ஆற்றிய உரை)



 

ஸ்ருத பஞ்சமியும் பள்ளி திறப்பும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வருகின்றன. இன்று நாம் சாஸ்திர பூசை செய்தோம். அந்தப் பூசைக்குரிய வரலாற்றில் ஒரு தேர்வு நிகழ்ந்தது என்பதைக் குழந்தைகள் அறிதல் வேண்டும்.

கிர்நார் மலைக் குகையில் தரசேனாசாரியர் என்னும் முதிய முனிவர் இருந்தார். ஆகம அறிவில் எஞ்சிய பகுதி அவர் நெஞ்சில் மட்டுமே இருந்தது. தம்மோடு அது மறைந்துவிடுமோ என்று அஞ்சினார். அவர் அழைப்பை ஏற்று இளந்துறவியர் இருவர் வந்தனர். அவர்களிடம் ஆளுக்கொரு மந்திரத்தைக் கொடுத்து, நோன்பிருந்து ஓதுமாறு பணித்தார். ஒன்றில் எழுத்து மிகுந்திருந்தது; மற்றொன்றில் குறைந்திருந்தது. வேண்டுமென்றே அவ்வாறு கொடுத்தார். ஓதியபொழுது ஒருவர் முன் பல் நீண்ட தேவதையும், மற்றவர் முன் ஒற்றைக்கண் தேவதையும் தோன்றின. இருவரும் அஞ்சி ஓடவில்லை. ஆசிரியர் சொன்னது தவறாகாது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. தேவதைக்கு இத்தகைய உருவம் இயல்பன்று, எனவே மந்திரத்தில் பிழை இருத்தல் வேண்டும் என்று எண்ணி, இலக்கணத்தால் ஆராய்ந்து தாமே திருத்தி மீண்டும் ஓதினர். அதன் பின்னரே தரசேனர் அவர்களுக்குப் பாடம் தொடங்கினார்.

அவர்களே புஷ்பதந்தரும் பூதபலியும் ஆவர். கற்று முடித்தபின் பூதபலி நம் தமிழ்நாட்டை நோக்கி வந்தார் என்று தவளை உரை கூறுகிறது. புஷ்பதந்தர் தொடங்கிய ஷட்கண்டாகமத்தை நிறைவு செய்தவரும் பூதபலியே. அது நிறைவெய்திய நாளே இன்று நாம் கொண்டாடும் பஞ்சமி.

முப்பத்தோராண்டு கணக்கு ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் எனக்கு இந்தத் தேர்வு மிகவும் பிடிக்கும். விடை கோணலாக வந்தால் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்று உணர்கிற மாணவனே வேண்டும். ஆறாம் வகுப்பில் இப்பழக்கம் வந்துவிட்டால் அது பிறகு போவதில்லை. அவ்வகுப்பில் வராமற்போன பலரைப் பத்தாம் வகுப்பில் நான் கண்டிருக்கிறேன்.

துறவியர் உறைந்த இடத்தைக் குறித்த 'பள்ளி' என்னும் சொல்லே கல்விக்கூடத்தின் பெயராயிற்று என்று அறிஞர் கூறுவர். இதை நாம் மேடைதோறும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நம் மாவட்டத்திலேயே, செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றில், 24 தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கிய பாறையைப் பலர் தரிசித்திருப்பீர்கள். அங்கே 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர் நீத்த சந்திரநந்தி என்னும் பெரியாரைக் கல்வெட்டு 'ஆசிரிகர்' என்றே குறிக்கிறது. பெருமை இருக்கட்டும். நம் பிள்ளைகள் இன்று செல்லும் பள்ளியில் அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டாமா?

என் குறையொன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் மாலை வேளையில் தனிப்பயிற்சி வகுப்பு நடத்தி வந்தேன். ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும். அருகிலுள்ள கிராமத்திலிருந்து பேருந்தில் வந்து படித்த நம்மவர் வீட்டுச் சிறுவன் ஒருவன், மார்கழி மாதத்தில் ஒருநாள் கரும்பலகை முன்னே மயங்கி விழுந்தான். பகலில் பள்ளியில் உண்டது, பின்னர் ஒன்றுமில்லை. அவன் வீடு சேர ஒன்பது மணியாகும். இரவு உண்ணாமை அவன் வீட்டு வழக்கம். அவனும் அதை விடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பசங்க சிரிப்பாங்க சார்" என்றான். அதே வழக்கத்தில் வளர்ந்த நான், ஐந்து மணிக்கே என் வீட்டில் உண்டுவிட்டு வந்து அவனுக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். மறுநாள் முதல் வகுப்பு ஆறரைக்குத் தொடங்கியது. ஐந்தரை முதல் ஆறு வரை எல்லாப் பிள்ளைகளும் உண்ணும் நேரமாயிற்று. சிரித்தவர் ஒருவரும் இலர். பிற வீட்டுப் பிள்ளைகளும் டப்பாவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

பெற்றோரே, தனிப்பயிற்சியில் சேர்க்கும் முன் நேரத்தைக் கேளுங்கள். மாற்றித் தருமாறு கேட்பது பிழையன்று. சத்துணவில் முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் கொடுக்கும் முறை உண்டு. அதனையும் முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தையே சொல்லட்டும் என்று விடாதீர்கள். காலை உணவுத் திட்டம் 5-ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அரசுப் பள்ளியில் இதுவரை காலையில் உண்டு பழகிய பிள்ளை இனி வீட்டில் உண்டே புறப்பட வேண்டும்.

தனியார் பள்ளியா, அரசுப் பள்ளியா என்று இன்னும் முடிவு செய்யாதவர் சிலர் இங்கே இருக்கிறீர்கள். அது உங்கள் விருப்பம். ஆனால் ஆறாம் வகுப்பு ஒரு கணக்குத் தொடங்கும் இடம் என்பதை அறிந்து முடிவு செய்யுங்கள். மருத்துவப் படிப்பில் 2020 முதல் வழங்கப்படும் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்றோருக்கு உரியது. உயர்கல்வியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் இவ்வகுப்பிலிருந்தே எண்ணத் தொடங்குகின்றன. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் தகுதித் தேர்வு உண்டு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் எழுதலாம். தேர்வு பெற்றால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். இத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளைத் தவறவிட்ட குடும்பங்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

"நாங்கள் அதிகம் படிக்கவில்லையே, இவனுக்கு எப்படிச் சொல்லித் தருவது?" என்று தாய்மார் கேட்கின்றனர். நம் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் இதற்கு விடை வைத்திருக்கிறார். ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்டாலும் மாணவன் கொள்வது காற்பங்கே. உடன் பயில்வோருடன் பழகி மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கும் கைவரும் என்பது அவர் கணக்கு. அந்த அரைப்பங்கு நம் வீட்டில் இருக்கிறது. குழந்தையை எதிரே அமரவைத்து, "இன்று என்ன படித்தாய், எனக்குப் புரியும்படி சொல்" என்று கேளுங்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்றே சொல்லுங்கள். படிப்பு நின்றுபோன தாய் இதற்கு மிகவும் ஏற்றவர். தெரிந்ததுபோல் தலையசைக்க மாட்டார்.

பெண் குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். ஆதிபகவன் எழுத்தையும் எண்ணையும் முதலில் கற்பித்தது தம் புதல்வியர் பிராமிக்கும் சுந்தரிக்கும். எட்டாம் வகுப்போடு போதும், பேருந்தில் அனுப்ப அச்சமாக இருக்கிறது என்று இனி எவரும் என்னிடம் சொல்ல வேண்டாம். மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்து போகும்படி ஊருக்குள்ளேயே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

அறக்கட்டளையினருக்கு ஒரு வேண்டுகோள். கிராமங்களிலிருந்து திண்டிவனம் வந்து படிக்கும் நம் பிள்ளைகள், பள்ளி விட்டபின் பொழுது சாய்வதற்குள் அமர்ந்து உண்ண ஓர் இடம் வேண்டும். ஒரு கூடம், குடிநீர், விளக்கு, இரண்டு பாய் போதும். பாடத்தில் ஐயம் கேட்போர்க்கு வாரம் மூன்று நாள் நான் வருகிறேன். கணக்கு என்னால் ஆகும். ஆங்கிலத்துக்கு வேறொருவர் பெயர் கொடுத்தால் நலம்.

குழந்தைகள் புதிய குறிப்பேடுகளைச் சாஸ்திர பீடத்தின் முன் வைத்து எடுத்துக்கொள்ளலாம். ஐந்தரை மணி ஆகிறது. பந்தி தயார் என்று சொல்கிறார்கள். சிறுவர்கள் முதலில் அமரட்டும்.