பிள்ளை முதலில் நம்மிடம் சொல்லட்டும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 



இளையர்கள் தவறான பழக்கங்களில் விழாமல் இருக்கக் குடும்பமும் பள்ளியும் என்ன செய்யலாம் என்று பேசச் சொன்னார்கள். நான் ஆலிமும் அல்ல, மருத்துவரும் அல்ல, ஒரு வியாபாரி. சூதாட்டம், கூடாத சகவாசம், கைப்பேசியில் வரும் வினைகள் என்று தலைப்பு விரிந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் மனத்தில் நிற்காது. ஆகவே, இன்று சிங்கப்பூரில் பல வீடுகளின் கவலையாக இருக்கும் மின்சிகரெட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதற்குச் சொல்வது மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில், இது என்ன பொருள் என்று தெரிந்துகொள்வோம். நம் பெரியவர்கள் காலத்தில் பையன் சிகரெட் பிடித்தால் சட்டையும் விரலும் காட்டிக்கொடுத்துவிடும். இது அப்படியல்ல. பார்ப்பதற்குக் கோடு போடும் பேனா போலவும், கணினியில் செருகும் விரலி போலவும் இருக்கும். மாம்பழம், திராட்சை, புதினா என்று வாசனை வரும். பிள்ளையின் பள்ளிப் பையை நாம் திறந்து பார்த்தாலும் எழுதுபொருள் என்று நினைத்து மூடிவிடுவோம்.

சட்டம் இதில் ஆரம்பம் முதலே கண்டிப்பாக இருக்கிறது. 2018 பிப்ரவரி 1ஆம் தேதியிலிருந்து மின்சிகரெட்டை வாங்குவது, வைத்திருப்பது, பயன்படுத்துவது எல்லாமே இங்கே குற்றம். சாதாரண சிகரெட்டுக்கான வயது வரம்பையும் படிப்படியாக உயர்த்தி 2021இல் 21 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு வேறொரு ஆபத்து வந்து சேர்ந்தது. அதைத்தான் பிள்ளைகள் 'கேபாட்' என்கிறார்கள். அதில் எட்டோமிடேட் என்ற மருந்து கலந்திருக்கிறது. மருத்துவமனையில் சிகிச்சைக்கு முன் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்துவதற்காக நரம்பு வழியே ஏற்றும் மருந்து அது. அதை மூச்சில் இழுப்பவருக்குக் கால் தள்ளாடும், பேச்சுக் குழறும். வலிப்பும் மூச்சுத் திணறலும் வரலாம். 2025ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு வெளியிட்ட தகவலின்படி, பறிமுதல் செய்தவற்றிலிருந்து எடுத்துச் சோதித்த நூற்றுக்கும் மேற்பட்ட மின்சிகரெட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் இந்த மருந்து இருந்தது. வெறும் மாம்பழ வாசனை என்று வாங்கும் பிள்ளைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. விற்பவனுக்கும் தெரியாமல் இருக்கலாம்.

பிரதமர் லாரன்ஸ் வோங் 2025 தேசிய தினப் பேரணி உரையில், இனி இதைப் போதைப்பொருள் விவகாரமாகவே நடத்தப்போவதாக அறிவித்தார். அதன்படி செப்டம்பர் 1 முதல் எட்டோமிடேட் போதைப்பொருள் பட்டியலில் சேர்ந்தது. 2025இல் அறிவித்த விதிப்படி, சாதாரண மின்சிகரெட்டுடன் முதல்முறை பிடிபட்டால் 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு 500 வெள்ளி, அதற்கு மேற்பட்டவருக்கு 700 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. மறுபடியும் பிடிபட்டால் மறுவாழ்வுத் திட்டத்திற்குப் போக வேண்டும். எட்டோமிடேட் என்றால் நடவடிக்கை இன்னும் கடுமை. அதை விநியோகிப்பவர்களுக்குச் சிறையும் பிரம்படியும் உண்டு.

இனி, வியாபாரி என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு சரக்கை எப்படி விற்கிறார்கள் என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். முதல் சரக்கை இனாமாகக் கொடுப்பவன் தருமம் செய்யவில்லை. இரண்டாவதில் சம்பாதிக்கப் போகிறான். இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பினாலும் உடனே பதில் போடுவான். "ஏன் இவ்வளவு நேரம், என்ன மார்க் வாங்கினாய்" என்றெல்லாம் கேட்கமாட்டான். கையில் காசில்லை என்றால் பிறகு கொடு என்பான். கடன் ஏறியதும், "உன் கூட்டாளிகள் நாலு பேருக்கு விற்றுக் கொடு, கணக்குச் சரியாகிவிடும்" என்பான். அந்த இடத்தில்தான் நம் பிள்ளை வாடிக்கையாளர் என்ற நிலை மாறி அவனுடைய ஏஜெண்டாகிறான். சட்டத்தின் பார்வையில் இழுத்தவன் வேறு, கைமாற்றிக் கொடுத்தவன் வேறு. "நான் பிடிக்கவில்லை அத்தா, கூட்டாளிக்காகத்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்று ஒரு பையன் சொன்னால், அது சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. பிள்ளைகளிடம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

விற்பவன் வாசனையையும் விற்கிறான். கூடவே திட்டாமல் கேட்கும் ஒரு காதையும் கொடுக்கிறான். அந்தக் காது நம் வீட்டில் இருந்தால் அவனுடைய வியாபாரம் பாதி படுத்துவிடும்.

நம் வீடுகளில் அது ஏன் இல்லை? மானம். இந்தச் சொல்லை நான் குறையாகச் சொல்லவில்லை. மானத்தோடு வாழ்ந்ததால்தான் நம் முன்னோர் ஊரிலிருந்து கப்பலேறி வந்து, சின்னக் கடையில் படுத்து எழுந்து, குடும்பங்களைக் கரையேற்றினார்கள். ஆனால் பிள்ளை விஷயத்தில் இந்த மானம் வேறு மாதிரி வேலை செய்கிறது. அம்மாவுக்குத் தெரியும், அத்தாவிடம் சொல்லமாட்டார். அத்தாவுக்குத் தெரிந்தால், பள்ளிக்குத் தெரியக்கூடாது என்பார். பெரியம்மா வீட்டுக்குத் தெரியக்கூடாது. ஜமாஅத்தில் யாருக்கும் தெரியக்கூடாது. நாளைக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள். சில குடும்பங்கள் பள்ளி விடுமுறை வந்ததும் பையனை ஊருக்கு அனுப்பி வைக்கின்றன. திரும்பி வரும்போது அதே கைப்பேசி, அதே கூட்டாளிகள்.

இப்படி மூடி மறைப்பதால் நாம் எதை இழக்கிறோம் தெரியுமா? பிடிபடுவதற்கு முன்பு தாமாக முன்வந்து உதவி கேட்பவருக்குத் தண்டனை கிடையாது. அது குற்றமாகவும் பதிவாகாது. அரசாங்கம் இதைத் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 1800 438 2000 என்ற எண்ணை அழைத்து, விடுவதற்கு உதவி கேட்கலாம். ஆக, முதல் வாரத்திலேயே சொன்னால் திறந்திருக்கும் கதவு, பிடிபட்ட பிறகு மூடிவிடுகிறது. மானத்தைக் காப்பதாக நினைத்து நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் பிள்ளையின் கணக்கில்தான் ஏறுகிறது.

நம் மார்க்கம் இதில் என்ன வழி காட்டுகிறது? முஸ்னத் அஹ்மதில் வரும் ஒரு சம்பவம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். ஓர் இளைஞர் நபிகள் நாயகத்திடம் (ஸல்) வந்து, விபசாரத்திற்கு அனுமதி கேட்டார். சபையில் இருந்தவர்கள் அதட்டினார்கள். பெருமானார் அவரை அருகே அழைத்து உட்கார வைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவர் வாயாலேயே பதில் வர வைத்தார்கள். பிறகு அவர்மீது கை வைத்து துஆ செய்தார்கள். அந்த இளைஞர் அதன்பின் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் அந்தக் கேள்வியைத் தெருவில் போய்க் கேட்கவில்லை. நபியவர்களிடமே வந்து கேட்டார். கேட்கலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. நம் பிள்ளைகளுக்கு நம்மிடம் அந்த நம்பிக்கை இருக்கிறதா? லுக்மான் அலைஹிஸ்ஸலாம் தம் மகனுக்குச் செய்த உபதேசத்திலும் கண்டிப்பு உண்டு. ஆனால் மகனே என்று அன்பாக அழைத்துத்தான் அது தொடங்குகிறது.

ஆகவே பெற்றோருக்கு மூன்று விஷயங்கள் சொல்கிறேன்.

ஒன்று: பிள்ளை சொல்லும் முதல் ஐந்து நிமிடம் எதுவும் பேசாதீர்கள். கோபம் வரும், வரத்தான் செய்யும். ஒலூ செய்துவிட்டு வந்து உட்காருங்கள். "யார் கொடுத்தார்கள், எத்தனை நாளாக, யாருக்காவது கடன் இருக்கிறதா, யாருக்காவது நீ கொடுத்தாயா" என்ற நான்கும் தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். அடித்தால் நான்குக்கும் பொய்தான் வரும். மயக்கமோ வலிப்போ மூச்சுத் திணறலோ இருந்தால் கேள்வியே வேண்டாம். உடனே 995ஐ அழையுங்கள்.

இரண்டு: பெற்றோரிடம் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு பெரியவரைப் பிள்ளைக்குக் காட்டி வையுங்கள். சாச்சாவாக இருக்கலாம், மாமாவாக, மாமியாக, கல்யாணமான அக்காவாக இருக்கலாம். "என்னிடம் சொல்லப் பயமாக இருந்தால் இவரிடம் போ, நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்" என்று பிள்ளையின் முன்னாலேயே சொல்லுங்கள்.

மூன்று: பள்ளி கூப்பிட்டால் மட்டும் போவது என்ற வழக்கத்தை விட்டுவிடுவோம். வகுப்பாசிரியரைப் பிள்ளை நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துப் பேசுங்கள். பள்ளிகளில் ஆலோசகர் இருக்கிறார்; அவரிடம் போவது பைத்தியத்திற்கு வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். ஆசிரியர் அழைத்துச் சொல்லும்போது, "என் பிள்ளை அப்படிச் செய்யாது" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "எதைப் பார்த்து உங்களுக்குச் சந்தேகம் வந்தது" என்று கேளுங்கள்.

உயர்நிலைப் பள்ளி முடிந்ததும் நம் கவனம் தளர்ந்துவிடுகிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் நானும் படித்தவன். பதினேழு வயதில் திடீரென்று சீருடை இல்லை. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் சும்மா இருக்கும். பகுதிநேர வேலையில் கைக்குக் காசு வரும். உயர்நிலைப் பள்ளி ஆசிரியரைப் போல யாரும் வீட்டுக்கு அடிக்கடி தொலைபேசி போடமாட்டார்கள். "பிள்ளை பெரியவனாகிவிட்டான்" என்று நாம் கையை எடுக்கும் நேரமும் சுதந்திரம் மொத்தமாக வந்து விழும் நேரமும் ஒன்றாக இருக்கிறது. அந்த மூன்று ஆண்டுகளில் இரவுச் சாப்பாட்டையாவது வாரத்தில் சில நாள் சேர்ந்து சாப்பிடுங்கள். அவனைக் கேள்வி கேட்பதற்காக அல்ல, அவன் பேச இடம் கொடுப்பதற்காக.

கடைசியாக, நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஐம்பது ஆண்டுகளாகக் கல்விக்கு உதவி வரும் சங்கம் இது. ஒவ்வோர் ஆண்டும் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பரிசு கொடுக்கிறோம். கைத்தட்டுகிறோம், மகிழ்ச்சி. ஆனால் பரிசு பெறாத பிள்ளை அன்று எங்கே இருக்கிறான்? அவன் வருவதில்லை. வந்தாலும் கடைசி வரிசையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறான். நாம் இன்று பேசுவது பெரும்பாலும் அவனைப் பற்றித்தான். அவனோடு பேசுவதற்கு நம்மிடம் ஒரு நிகழ்ச்சிகூட இல்லை.

அவனுக்கு ஒரு வேலை கொடுப்போம். ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது அகப்பையை அவன் கையில் கொடுப்போம். விநியோகக் கணக்கை அவனிடம் ஒப்படைப்போம். இந்தப் பொன்விழாவுக்கு ஒலிபெருக்கியும் படக்கருவியும் கையாளத் தெரிந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். 'நீ இல்லாமல் இது நடக்காது' என்று ஒரு சபை சொன்னால், அந்தச் சபையை விட்டு எந்தப் பிள்ளையும் அவ்வளவு சுலபமாக விலகிப்போகமாட்டான். அத்தோடு, பெற்றோர் இரகசியமாக வந்து பேசுவதற்கென்று சங்கத்தில் நம்பிக்கையான ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் நியமிக்கலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எந்த எண்ணை அழைப்பது, எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்லி, கூடவே நடந்து போனால் போதும்.

அல்லாஹ் நம் சந்ததிகளைக் கண் குளிர்ச்சியாக ஆக்கித் தருவானாக. அவர்கள் தவறும்போது நம்மிடமே திரும்பி வரும்படியான பெற்றோராக நம்மையும் ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.