எங்க ஊர்ச் சேலை

(பொங்கல் விழாக் கூட்டத்தில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் சார் கொடுத்த தலைப்பு பெரிசு: 'நம் கலாசாரத்தை உலகுக்குக் கொண்டு செல்வோம்'. எனக்குத் தெரிந்தது சேலைதான். அதை வைத்தே பேசிவிடுகிறேன்.

நான் பிறந்தது அருப்புக்கோட்டை. மழை பெய்தால் காலில் அப்பிக்கொள்ளும் கரிசல். பெய்யாவிட்டால் பாளம் பாளமாக வெடிக்கும். திருச்சுழி போகிற வழியெல்லாம் வேலிக்கருவை. அந்த மண்ணில் பருத்தி விளைந்தது, எங்கள் தெருவில் தறி ஓடியது. எங்கள் வீட்டில் குழித்தறி. வெயில் ஏறுமுன் தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். தாத்தா நெய்வார், அப்பத்தா தார் சுற்றிக் கொடுப்பார். நெசவாளி என்ற பெயர் தாத்தாவுக்கு மட்டும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35 லட்சம் தொழிலாளர்கள், அதில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள் என்று படித்தபோது அப்பத்தா ஞாபகம்தான் வந்தது.

1982-இல் லண்டனில் இந்தியத் திருவிழா நடந்தது. அதற்காக மார்தண்ட் சிங் என்பவர் 'விஸ்வகர்மா' என்ற துணிக் கண்காட்சியைத் தொடங்கினார். பழைய துணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகவில்லை அவர். தறியில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்து, பழைய உத்திகளில் புதிதாக நெய்ய வைத்தார். கலாசாரத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதென்றால் எனக்கு இந்த வழிதான் சரியாகப் படுகிறது. நெய்கிறவர் கைக்கும் நாலு காசு வருகிறதே. 2023-இலும் அதே லண்டனில், டிசைன் மியூசியத்தில், இந்தக் காலச் சேலைகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார்கள். மெட் காலா விழாவுக்குக் கட்டிப்போன தங்க நிறச் சேலைகூட அதில் இருந்தது.

இனி என் கதை. ஆறு வருஷம் முன்பு நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். அம்மாவின் சேலையைக் கட்டியிருந்தேன். கட்டம் போட்டது, வாடாமல்லிக் கரை. பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மா முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "இது எந்த ஊரில் நெய்தது?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்தியா. காட்டன்." ஊர்ப் பெயரைச் சொன்னால் இவருக்கு எங்கே தெரியப் போகிறது என்ற நினைப்பு. அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதே வாரம் மாப்பிள்ளையோடு கடைக்குப் போனால், கட்டம் போட்ட பருத்திச் சட்டைத் துணிக்கு 'மெட்ராஸ்' என்று பெயர் போட்டிருக்கிறது! நகரத்தின் பெயர் சென்னை என்று மாறிவிட்டது, துணியின் பெயர் அங்கே மாறவில்லை. திருச்சுழியை ரமணர் பிறந்த ஊர் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லித் தேடி வருகிறார்கள். நான்தான் என் ஊரைச் சொல்லக் கூச்சப்பட்டேன்.

திரும்பி வந்ததும் ஊருக்குப் போனேன், மாமாவிடம் அதே மாதிரிச் சேலை நெய்து வாங்கலாம் என்று. மாமா தறியை விறகுக்குப் போட்டிருந்தார். குழியை மூடி சிமென்ட் பூசி, அதன் மேல் பைக் நிற்கிறது. "கூலி கட்டலம்மா" என்றார், அவ்வளவுதான். அடுத்த தெருவில் இரண்டு வீட்டில் இன்னும் தறிச் சத்தம் கேட்டது. இரண்டிலும் உட்கார்ந்திருந்தது பெண்கள். நாலு சேலை வாங்கினேன். பேரம் பேசவில்லை.

நம் பிளாக்குகளில் பாதிப் பேர் வருஷா வருஷம் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்புகிறோம். பெட்டியில் முறுக்கு, வத்தல், ஊறுகாய் எல்லாம் போகிறது. அதோடு கைத்தறி முத்திரை பார்த்து ஒரு சேலையோ துண்டோ வையுங்கள். அருப்புக்கோட்டைதான் என்று இல்லை, உங்கள் ஊர்ப் பக்கம் நெய்ததாக இருக்கட்டும். யாராவது கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். வாயில் நுழையாவிட்டால் அவர்கள் இரண்டாம் தடவை கேட்பார்கள், அவ்வளவுதானே.

அம்மாவின் அந்தச் சேலையைப் பின்வரிசை மேஜையில் விரித்து வைத்திருக்கிறேன். போகும்போது தொட்டுப் பாருங்கள். பஜ்ஜி சாப்பிட்டவர்கள் மட்டும் கையைத் துடைத்துவிட்டு வாருங்கள்.