வர்த்தகம் படித்த பிள்ளை இன்ஜினியர் ஆகலாமா?

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

காலையில் இருந்து மலையில் நின்று கொழுந்தெடுத்துவிட்டு, வீட்டு வேலையையும் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டாமல் பேசுகிறோம்.

போன மாதம் ஒரு தாயும் மகளும் எங்களிடம் வந்தார்கள். மகள் வணிக நிர்வாகப் பட்டம் முடித்தவள், டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. தகப்பன் பெக்டரியில் டிரையர் பக்கம் நிற்பவர். "சேர், நான் இனி இன்ஜினியரிங் படிக்கணும், மேல்படிப்பு வரைக்கும் போகணும்" என்றாள் பிள்ளை. தாய் அழுகிற நிலை. "இதுவரைக்கும் படிச்சதுக்கே தோடு அடகுல இருக்கு. அவங்க அப்பா வீட்டுல பேச்சே இல்ல" என்றார்.

எங்களுக்கு மனம் சுட்டது. காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பிள்ளை சாதாரண தரத்தில் கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவள். கணிதப் பிரிவு படிக்க டவுன் பாடசாலைக்குப் போகட்டுமா என்று அப்போது கேட்டாள். பஸ் காசு, போடிங் காசு எல்லாம் கணக்குப் பார்த்து, "கிட்ட இருக்கிற பள்ளியில வர்த்தகம் இருக்குதானே, அதையே படி" என்று சொல்லி அனுப்பியவர்கள் நாங்களே. அந்த ஒரு சொல்லுக்கு அவள் இன்று வருடக்கணக்கில் விலை கொடுக்கிறாள்.

சரி, வழி உண்டா? உண்டு. ஆனால் நேர்வழி இல்லை. பொறியியல் முதுமாணிக்குப் பொதுவாக முதற்பட்டமே பொறியியலில் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். திட்ட முகாமைத்துவம் போன்ற சில முதுமாணிப் படிப்புகளில் வேறு பட்டதாரிகளையும் அனுபவம் பார்த்து எடுப்பதுண்டு. நல்ல படிப்புத்தான், ஆனால் அது மட்டும் ஒருவரை இன்ஜினியர் ஆக்காது. அரச பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். ஒருமுறை அரச பல்கலைக்கழகத்தில் பதிந்து படித்தவருக்கு அந்த வாசல் மறுபடி திறப்பதில்லை.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, 1980ஆம் ஆண்டு தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம். வேலை செய்துகொண்டே படிக்கலாம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கு அங்கே முன் ஆயத்தப் பாடநெறி இருக்கிறது. அதை முடித்து, அதன்பின் பொறியியல் பீடத்துக்கு முயற்சி செய்யலாம். எந்தப் பாடத்தில் என்ன சித்தி வேண்டும் என்பதை அந்தந்த வருடக் கைந்நூலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மற்றது, என்.வி.கியூ. என்று சொல்லும் தேசிய தொழிற்தகைமை வழி. இதில் ஏழு படிகள். நாலு வரைக்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். இந்த வழியில் வருபவர்கள் பட்டம் எடுக்கவென்று 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த யுனிவோடெக் பல்கலைக்கழகம் இரத்மலானையில் இருக்கிறது. கைவேலையில் தொடங்கி மேலே ஏறுகிற வழி இது.

எந்த வழியில் போனாலும் பிள்ளைக்குக் குறையாக இருப்பது கணிதமும் பௌதிகமும்தான். ஆனால் வணிகப் படிப்பு வீண் போகாது. நம்முடைய பெக்டரியையே பாருங்கள். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போகிறது. அப்படியென்றால் சுமார் மூன்றரைக் கிலோ தண்ணீரை வாட்டியும் காயவைத்தும் எடுக்கிறோம். கணக்குப் படித்தவர் "விறகுக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்பார். இன்ஜினியர் "ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 540 கிலோகலோரி போதுமே, நாம் அதற்கு மேல் எரிக்கிற சூடு எங்கே போகிறது?" என்று கேட்பார். இரண்டு கேள்வியும் ஒரே தலையில் இருந்தால் அந்தப் பெக்டரிக்கு நல்லது.

இன்னொன்று கவனியுங்கள். "குறுகிய காலத்தில் இன்ஜினியர்" என்று போஸ்டர் பார்த்துக் காசைக் கட்டிவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கைப் பொறியியல் சபை இருக்கிறது. பொறியியலாளராகத் தொழில் செய்யப் பதிவு வேண்டும். இந்தச் சான்றிதழை வைத்து எந்தத் தரத்தில் பதியலாம் என்று முதலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் காசு கொடுக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளையின் தகப்பனிடம் நாங்கள் வீடு தேடிப் போனோம். "இன்னும் எத்தனை வருஷம் சேர்?" என்றார். ஐந்தாறு வருடத்துக்குக் குறையாது என்று உள்ளபடி சொன்னோம். ஆனால் வேலையை விடமாட்டாள், புதுக் கடன் வாங்கமாட்டாள், முதலில் தோட்டை மீட்டுத் தருவாள் என்று மகளும் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த டிரையர் ஏன் ஒரு பக்கம் மட்டும் கருக்குதுன்னு இருபது வருஷமா கேக்கிறேன், ஒருத்தரும் சொல்லல. இவ படிச்சாவது சொல்லட்டும்" என்றார். இப்போது பிள்ளை இரவில் உயர்தரக் கணிதப் புத்தகத்தைத் திறந்திருக்கிறாள். முதல் பரீட்சை இனித்தான். தேறுவாளா என்று எங்களால் வாக்குக் கொடுக்க முடியாது.

இங்கே சாதாரண தரம் எழுதப்போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பெறுபேறு வந்ததும் கிட்ட இருக்கிற பள்ளியை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். பிள்ளை என்ன படிக்க விரும்புகிறது என்று முதலில் கேளுங்கள். பஸ் காசு, போடிங் காசு கஷ்டம் என்றால் எங்களிடம் வாருங்கள், உதவி எங்கே கிடைக்கும் என்று சேர்ந்து தேடுவோம். இனி "கிட்ட இருக்கிறதைப் படி" என்று நாங்கள் சொல்லமாட்டோம்.